ஜீனோவுக்கு ஒரு டீ-ஷர்ட் இல்லை

திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் காதர்பேட்டை. பனியன், டீ-ஷர்ட், டிராக் பேன்ட் என்று கடை கடையாகத் தொங்கும். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியது, ஆர்டர் கேன்சலானது, உள்ளூருக்கென்றே தைத்தது எல்லாம் கலந்து கிடக்கும். அடுத்த முறை போனால் விலையை மட்டும் பார்க்காதீர்கள். நெஞ்சில் என்ன அச்சடித்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

ஸ்பைடர்மேன் இருப்பார். பேட்மேன் இருப்பார். நாசாவின் நீல வட்டம் இருக்கும். அது எந்த ஊர் ஆபீஸ் என்று விற்கிறவரும் கேட்பதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. உலகத்தின் கற்பனை வீரர்களுக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுக்கிற ஊர் அது.

சரி, அங்கேயே ஒரு கடையில் நின்று, “ஜீனோ படம் போட்டது ஒண்ணு வேணும்” என்று கேட்டுப் பாருங்கள். “அது எந்த பிராண்டுங்ணா?” என்றுதான் பதில் வரும்.

ஜீனோ ஒரு பிராண்டு அல்ல. நாய். அதுவும் இயந்திர நாய். சுஜாதா ஆனந்த விகடனில் 80களில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ தொடர்கதையில் வந்தது. ஜீவா என்ற ஒருவரின் பிடியில் இருக்கும் நாடு, குழந்தை பெற்றுக்கொள்ளவும் அரசாங்க அனுமதி, நிலா என்ற பெண், அவளுக்குத் துணையாக மனிதனைவிடப் புத்திசாலியான ஒரு நாய். கதை நடப்பது எந்த வருடத்தில் தெரியுமா? 2021-ல். அந்த வருடம் நம் எல்லோர் தலைக்கும் மேலாகப் போயே போய்விட்டது.

இந்தக் கதை பிறகு தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. ஆனந்தும் சிவரஞ்சனியும் நடித்தார்கள். தமிழ் டி.வி.யில் விஞ்ஞானக் கதைக்கு முன்னோடி யார் என்று கேட்டால் இதைத்தான் கை காட்ட வேண்டும். அன்று பார்த்த பிள்ளைகள் இன்று நாற்பதைத் தாண்டியவர்கள். “ஜீனோ” என்று சொன்னால் போதும், முகம் மலரும். “அந்த நாய் பேசும்ல?” என்பார்கள். அடுத்த கேள்வி கேட்டால் விழிப்பார்கள். எத்தனை வாரம் வந்தது? நாய் எப்படி இருந்தது? ‘எங்கே, போட்டுக் காட்டு பார்ப்போம்’ என்றால் அதோடு சரி.

பிரியத்துக்குக் குறைவில்லை. பாதுகாக்கிற பழக்கம்தான் இல்லை. இந்த வாரம் நான் சண்டை போடப் போவது இந்த விஷயத்துக்காகத்தான்.

* * *

இப்போது எந்த சேனலைத் திருப்பினாலும் ஒரு நிகழ்ச்சி ஓடுகிறது. ஒரு சோபா. இருபது, முப்பது வருடத்துக்கு முன்னால் சேர்ந்து நடித்த இரண்டு மூன்று பேர். நடுவில் ஒரு கேக். தொகுப்பாளர் கேட்கிறார்: “ஷூட்டிங்ல மறக்கவே முடியாத அனுபவம் எது?” அவர்கள் சிரிக்கிறார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பின்னால் வயலின். நாமும் வீட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம்.

எனக்கு அந்த நடிகர்கள் மேல் துளியும் கோபமில்லை. வயதான காலத்தில் பழைய கூட்டாளிகளைப் பார்த்துப் பேசுவதைப் போல ஒரு சுகம் உண்டா? பேசட்டும். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? பேச்சு ஒரு மணி நேரம் ஓடுகிறது. அவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்தத் தொடரிலிருந்து எத்தனை காட்சி காட்டுகிறார்கள்? மங்கலான நாலு போட்டோ. யாரோ வீட்டில் பதிவு செய்த, கோடு ஓடும் அரை நிமிடத் துண்டு. அவ்வளவுதான். விருந்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு வெறும் இலையைக் காட்டுகிற மாதிரி.

இந்த ‘மலரும் நினைவுகள்’ சமாசாரத்தை ஒரு கலையாகவே ஆக்கியவர்கள் அமெரிக்காவின் ‘ஸ்டார் ட்ரெக்’ கூட்டத்தார். 1966 முதல் 1969 வரை மூன்றே சீசன், 79 அத்தியாயங்கள். பார்க்க ஆளில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அப்புறம் ஊர் ஊராக மறுஒளிபரப்பு ஆனது. 80களில் நம் தூர்தர்ஷனிலும் வந்தது. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ரசிகர்கள் ஒரு மாநாடு கூட்டினார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் ஆயிரக்கணக்கில் குவிந்தார்கள். அன்றிலிருந்து அந்தத் தொடரின் நடிகர்கள் மேடை மேடையாக ஏறி ஒரே கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாய் 2015-ல் இறக்கும்வரை அவருக்கு அந்த வேடத்திலிருந்து விடுதலை கிடைக்கவில்லை. (அவர் இறந்தது பிப்ரவரி 27. ஏழு வருடத்துக்கு முன்னால், 2008-ல், சுஜாதா போனதும் இதே தேதியில்தான்.)

அந்தக் கதைகளில் ஒன்று திருப்பூர்க்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் இரண்டு சீசன்களில் விண்கலத்து ஆட்கள் போட்டிருந்த சட்டை வெலூர் துணி. நம் தமிழ்நாட்டு வேலூர் இல்லை, வெல்வெட் மாதிரி மினுங்கும் ஒரு துணி. சலவைக்குப் போட்டு எடுத்தால் சுருங்கிவிடும். ஒவ்வொரு வாரமும் சட்டை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். கேப்டன் கிர்க் அண்டத்தைக் காப்பாற்றுவாரா, இடுப்பை மறைப்பாரா? மூன்றாவது சீசனில் வெலூரைத் தூக்கிவிட்டு டபுள் நிட் நைலானுக்கு மாறிவிட்டார்கள். ‘ஷ்ரிங்கேஜ்’ என்ற வார்த்தையைக் கேட்டாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் எந்த மெர்ச்சண்டைசருக்கும் இந்த வேதனை புரியும்.

நான் இதைச் சொல்வது சிரிப்பதற்காக மட்டுமல்ல. இந்தக் கதை நிஜமா, மேடைக்காக ஊதியதா என்று இன்று யார் வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளலாம். முதல் சீசனையும் மூன்றாம் சீசனையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் துணி மாறியிருப்பது கண்ணுக்கே தெரியும். அதே தொடரில் நடித்த கறுப்பினப் பெண் நிஷெல் நிக்கல்ஸ், தான் விலக நினைத்தபோது மார்ட்டின் லூதர் கிங் தடுத்துப் பேசியதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் தடுத்தார் என்று புரிய வேண்டுமா? அத்தியாயத்தைப் போடுங்கள். விண்கலத்தின் தலைமை அறையில், வெள்ளைக்கார அதிகாரிகளுக்குச் சமமாக ஒரு கறுப்புப் பெண் அதிகாரியாக உட்கார்ந்திருக்கிறார். 1966-ல்! இன்றைக்கும் பார்க்கலாம்.

நிக்கல்ஸ் 2022-ல் போய்விட்டார். அவர் சொன்னதற்குச் சாட்சி இருக்கிறது. நம் ஊர் சோபாவில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குச் சாட்சி எங்கே?

* * *

‘வெள்ளைக்காரன் எல்லாத்தையும் பத்திரமா வைப்பான்’ என்று நினைத்துவிடாதீர்கள். இதைவிடப் பெரிய கூத்தை அடித்தது பி.பி.சி.

‘டாக்டர் ஹூ’ என்று ஒரு விஞ்ஞானத் தொடர். 1963 நவம்பர் 23 அன்று முதல் அத்தியாயம். அதை இயக்கியவர் யார் தெரியுமா? லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன் என்ற இளைஞர். அப்போது அவருக்கு வயது 24. அடுத்து அவர் பொறுப்பில் வந்தது மார்க்கோ போலோவைப் பற்றிய ஏழு வாரக் கதை. அந்த ஏழில் ஒன்றுகூட இன்று உலகத்தில் எங்கும் கிடைக்கவில்லை.

காரணம் தீ விபத்தோ வெள்ளமோ இல்லை. சிக்கனம். வீடியோ டேப் விலை அதிகம். மறுஒளிபரப்புக்கு ஆயிரம் கட்டுப்பாடு. வீட்டில் போட்டுப் பார்க்கும் கேசட் வியாபாரம் அப்போது பிறக்கவில்லை. ‘இனி இது எதுக்கு?’ என்று 60களின் கடைசியிலிருந்து 1978 வரை அழித்துத் தள்ளினார்கள். இன்றும் 90-க்கு மேற்பட்ட அத்தியாயங்கள் கிடைக்காமல் இருக்கின்றன.

ஆனால் அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்ததும் பி.பி.சி. அழிப்பதை நிறுத்தியது. எது எது இல்லை என்று பட்டியல் எடுத்தது. ‘உங்களிடம் இருந்தால் கொடுங்கள்’ என்று உலகத்திடம் கையேந்தியது. வெளிநாட்டுக்கு விற்ற பிலிம் பிரதிகளைத் தேடிப் போனார்கள். நைஜீரியாவில் ஒரு டி.வி. நிலையத்தில் தூசி படிந்து கிடந்த ஒன்பது அத்தியாயங்கள் 2013-ல் வெளியே வந்தன. ஒளி போனாலும் ஒலி போகவில்லை. காணாமல் போன ஒவ்வொரு அத்தியாயத்தின் ஒலியும் இருக்கிறது. எப்படி? அன்று வீட்டில் டி.வி.க்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து யாரோ சில பையன்கள் பதிவு செய்திருந்தார்கள்! அந்த ஒலியை வெளியிட்டபோது, படம் இல்லாத இடங்களில் என்ன நடக்கிறது என்று விவரித்துச் சொன்னவர்கள் யார்? அதே தொடரில் இளவயதில் நடித்த நடிகர்கள். மூத்த நடிகர்களின் நினைவை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இதுதான் உதாரணம். ஓட்டையை அடைக்கப் பயன்படுத்தினார்கள். கேக் வெட்ட மட்டும் அல்ல.

* * *

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் வந்தது 1975 ஆகஸ்ட் 15-ல். ஒரு காலத்தில் டி.வி. பெட்டி வைத்துக்கொள்ள போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் கட்டியவர்கள் நாம். அது நம் காசில் ஓடிய நிலையம். அங்கே வந்த நாடகங்கள் எத்தனை, தொடர்கள் எத்தனை, பேட்டிகள் எத்தனை! பதிவான டேப்பிலேயே மறுபடி பதிவு செய்வது அன்று உலகம் முழுக்க இருந்த பழக்கம். தூர்தர்ஷனும் அதற்கு விலக்கில்லை.

நமக்கு இது புதிதும் அல்ல. தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’, 1931. ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. அதற்கும் முன்னால் வந்த முதல் மௌனப்படம் ‘கீசக வதம்’, அதுவும் இல்லை. சினிமாவுக்கென்று 1964-ல் புனேயில் தேசிய ஆவணக் காப்பகம் தொடங்கினார்கள். புத்தகம் கொடுத்து வைத்தது. 1954-லேயே சட்டம் போட்டார்கள்: பதிப்பாளர் ஒவ்வொரு புத்தகத்திலும் பிரதி அனுப்பியாக வேண்டும். சென்னை கன்னிமரா நூலகம் வாங்கி அடுக்கி வைக்கிறது. டி.வி. தொடருக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. கோடிப் பேர் பார்த்தது காற்றோடு போச்சு என்றால் ஏனென்று கேட்க நாதியில்லை.

பழசுக்கு மதிப்பில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. புதுப் படப்பிடிப்பு கிடையாது. 28-ம் தேதி தூர்தர்ஷன் பழைய ராமாயணத்தைத் தூசி தட்டிப் போட்டது. மகாபாரதம் வந்தது, சக்திமான் வந்தார். நாட்டிலேயே அதிகம் பேர் பார்க்கும் சேனலாக தூர்தர்ஷன் உட்கார்ந்தது! இருந்ததால் போட்டார்கள். இல்லாவிட்டால் எதைப் போட்டிருப்பார்கள்?

தனியார் பக்கமும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 90களின் பின்பாதியில் சன் டி.வி.யில் வந்த ‘மர்மதேசம்’. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம், பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. முழுக்க விஞ்ஞானம் என்று சொல்ல முடியாது. ஆனால் ‘விடாது கருப்பு’வில் தண்டிப்பது கருப்பசாமியா, மனித மனசின் கோளாறா என்று வாரா வாரம் தமிழ்நாட்டையே வாதாட வைத்தார்கள். சேர்ந்து நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பிற்பாடு தம்பதியானது எல்லோருக்கும் தெரியும். இன்று பிறந்த பிள்ளைகளும் அந்தத் தொடரைப் பார்க்க முடிகிறது. ஏனென்றால் தயாரித்தவர்கள் டேப்பை வைத்திருந்து, இணையத்தில் ஏற்றினார்கள்.

அதில் ராசுவாக வந்த சிறுவனை நினைவிருக்கிறதா? லோகேஷ் ராஜேந்திரன். 2022 அக்டோபரில், 34 வயதில் இறந்துபோனார். சோபாவில் உட்கார்ந்து மலரும் நினைவுகள் சொல்கிற வயது அவருக்கு வரவே இல்லை. ஆனால் அந்தப் பையனின் முகமும் குரலும் ஓட்டமும் அப்படியே இருக்கின்றன. டேப் இருக்கிறது, அதனால் இருக்கின்றன. இதைவிட எளிமையாக எனக்கு விளக்கத் தெரியவில்லை.

* * *

‘அதெல்லாம் சரி சார், அத்தனையையும் எடுத்து வைக்க இடமேது, காசேது?’ என்பார்கள். பதிலைத் திருப்பூரிலேயே வைத்திருக்கிறேன்.

எந்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்குள்ளும் போய் சாம்பிள் ரூமைக் காட்டச் சொல்லுங்கள். பையருக்கு ஒரு சாம்பிள் அனுப்பினால் அதே மாதிரி ஒன்றை இங்கே வைத்துக்கொள்வார்கள். கவுண்டர் சாம்பிள் என்று பெயர். கழுத்தில் ஒரு அட்டை தொங்கும். ஸ்டைல் நம்பர், பையர் பெயர், தேதி, துணியின் ஜி.எஸ்.எம்., கலர். ஆர்டர் முடிந்து, கப்பல் போய், பணமும் வந்திருக்கும். அந்த ஒற்றைச் சட்டை மட்டும் ரேக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு மெர்ச்சண்டைசர் நண்பரிடம் கேட்டேன், “போன ஆர்டருக்கு எதுக்குங்க இத்தனை மெனக்கெடல்?”

“நாளைக்கு பையர் வந்து இது நீங்க குடுத்த கலரே இல்லைன்னா, எதைங்க காட்டறது? வாயிலயா சொல்ல முடியும்?”

வாயால் சொல்ல முடியாது! ஒரு பனியன் கம்பெனிக்குத் தெரிந்த இந்த உண்மை, ஒரு தேசத்தின் டி.வி.க்குத் தெரியவில்லை. சாயம் போன ஒரு டீ-ஷர்ட்டுக்கு இருக்கும் மரியாதை, லட்சக்கணக்கான பிள்ளைகளின் கற்பனையைத் தூண்டிய ஒரு தொடருக்குக் கிடையாது.

‘அந்தக் காலத்து கிராபிக்ஸைப் பார்த்தா சிரிப்பு வரும், அதைப் போய்...’ என்று இழுப்பவர்களும் உண்டு. வரட்டுமே! இருக்கிற செலவில், இருக்கிற சாமானை வைத்துக்கொண்டு, 2021-ஐக் கற்பனை செய்தவர்களின் தைரியத்தைப் பார்க்க வேண்டாமா? 2010-ல் ‘எந்திரன்’ வந்தபோது வசனத்தில் சுஜாதா பெயரும் இருந்தது. சிட்டி ரோபோவுக்குப் பாட்டன் ஜீனோ. பேரனின் கல்யாண ஆல்பம் மட்டும் போதும், பாட்டன் போட்டோ வேண்டாம் என்று எந்தக் குடும்பமாவது சொல்லுமா?

‘யூடியூப்ல எவனாவது போட்டிருப்பான்’ என்பது மூன்றாவது சமாதானம். போட்டிருக்கலாம். பாதியில் அறுந்தது, மூலையில் விளம்பரம் ஓடுவது, ஒரு புகார் போனால் நாளைக்கே காணாமல் போவது. யாரோ ஒரு ரசிகரின் புண்ணியத்துக்குப் பெயர் காப்பகம் இல்லை.

நடிகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நடித்தவரின் நடிப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் அவருக்கு ராயல்டி உண்டு என்று அதில் எழுதினார்கள். ஏட்டுச் சுரைக்காய்தான், தெரியும். ஆனாலும் உரிமை உரிமைதான். அந்த உரிமையைக் கேட்கவும் முதலில் டேப் வேண்டும். இல்லாத தொடருக்கு எந்த ராயல்டி? சட்டை ஒரு தடவைதான் விற்கும். தொடரை நூறு தடவை விற்கலாம். தையல்காரருக்கும் நடிகருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அந்த நூறு தடவையையும் சேர்த்து அழித்துவிட்டு, ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்புகிறார்கள். அவர்களும் வாங்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். அடுத்த முறை சோபாவில் உட்காருமுன் ஒரு நிபந்தனை போடுங்கள் ஐயா: “எங்கள் தொடரில் ஒரு அத்தியாயத்தை முழுசாகக் காட்டுங்கள். அப்புறம் பேசுகிறோம்.”

* * *

திட்டுவதோடு நிறுத்தினால் நியாயமில்லை. செய்ய வேண்டியது மூன்றே மூன்று.

ஒன்று. பிரசார் பாரதியிடம் காப்பகம் இருக்கிறது. இருப்பதில் கொஞ்சம் இணையத்திலும் ஏற்றியிருக்கிறார்கள். 2024 நவம்பரில் ‘வேவ்ஸ்’ என்று ஓ.டி.டி.யும் தொடங்கினார்கள். நல்லது, கைதட்டுகிறேன். ஆனால் முதலில் வேண்டியது பட்டியல். சென்னை நிலையம் 1975-லிருந்து தயாரித்தது எது, இருப்பது எது, போனது எது? ‘போனது’ என்ற பத்தியைப் போடத்தான் தைரியம் வேண்டும். பி.பி.சி.க்கு இருந்தது.

இரண்டு. புத்தகத்துக்கு இருப்பதைப் போல டி.வி.க்கும் ஒரு சட்டம். எந்த சேனலாக இருந்தாலும் தொடர் முடிந்ததும் ஒரு நல்ல பிரதி அரசாங்கக் காப்பகத்துக்கு. அது இன்று ஒரு ஹார்ட் டிஸ்க் சமாசாரம். பீரோ நிறைய டேப் அடுக்க வேண்டியதில்லை.

மூன்று. உங்களுக்கு. ஆமாம், படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான். பரணில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். கல்யாண கேசட், காது குத்து கேசட்டோடு, பேர் எழுதாத இரண்டு மூன்று வி.எச்.எஸ். கிடக்கும். உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ, வி.சி.ஆர். வாங்கிய புதிதில் டி.வி.யிலிருந்து எதையோ பதிவு செய்து வைத்தது. பூசணம் முழுக்கத் தின்பதற்கு முன்னால் அதை இறக்குங்கள். டிஜிட்டலுக்கு மாற்றிக் கொடுக்க ஊரில் இன்னும் ஆள் இருக்கிறார்கள். ‘டாக்டர் ஹூ’வின் ஒலியைக் காப்பாற்றியது எந்த அரசாங்கமும் இல்லை, உங்களைப் போல வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்த பையன்கள்தான். யார் கண்டது, உங்கள் பெட்டிக்குள் ஜீனோ சுருண்டு படுத்திருக்கலாம்.

“ஞாபகம் இருக்கா?” என்று கேட்டுக் கேட்டு நாம் நிறையத் தொலைத்தாயிற்று. இனிமேல், “கேசட் இருக்கா?” என்று கேட்போம்.